கந்தைக்கு ஒரு அலமாரி

காந்தா ஜாக்கெட் இன்று கலை உடை. கிழிந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, வங்காளப் பெண்கள் ஓட்டுத்தையல் போட்ட போர்வைதான் அதற்கு மூலம். 'காந்தா'வும் நம்ம 'கந்தை'யும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். அங்கே கலையின் பெயர், இங்கே வறுமையின் பெயர். ஏன் இப்படி?

அங்கே ஒருவர் எடுத்து வைத்தார். 1930களில் குருசதய் தத் என்ற அரசு அதிகாரி கிராமங்களில் காந்தாக்களைச் சேகரித்தார். பின்னர் கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் அவற்றுக்கு அருங்காட்சியகமே அமைந்தது.

மலாக்காவின் புக்கிட் காத்திலை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரில் உள்ள 'காத்தில்' நம்ம கட்டில்தான். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். சொல்லை ஊர் காப்பாற்றிவிட்டது. கட்டிலில் விரித்த ஒட்டுத்துணியை யார் காப்பாற்றினார்கள்?

1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் துணிக்குப் பெரும் பஞ்சம். தோட்டத்து ஜனங்க கோணிச்சாக்கை வெட்டித் தைச்சுப் போட்டுக்கிட்டாங்க. அந்தச் சட்டையைத் தைத்த கைகளுக்கும் அளவு தெரியும், வெட்டு தெரியும். பஞ்சம் தீர்ந்ததும் முதலில் தூக்கி எறியப்பட்டதும் அதுதான். அவமானத்தை யார் பெட்டியில் வைப்பார்கள்?

பாட்டி வீட்டில் ஒட்டுப்போட்ட துணி கிடந்தால் தரை துடைக்க எடுக்காதீர்கள். யார் தைத்தது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று முதலில் எழுதி வையுங்கள்.