போருக்கு வந்த கருவி, பாட்டுக்கு நின்ற வானொலி

இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் தேதி தொடங்கியது. பிரிட்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. 2025 டிசம்பரில் அந்த ஒலிபரப்புக்கு நூறு வயது நிறைந்தது.

இந்த நூறு ஆண்டுகளில் சில பத்தாண்டுகள் அது இலங்கைக்கு மட்டும் உரிய வானொலியாக இருக்கவில்லை. 1950-இல் எண்பது லட்சம் மக்கள்கூட இல்லாத ஒரு தீவு, கோடிக்கணக்கான மக்கள் வாழும் இந்தியாவுக்குப் பாட்டுப் போட்டது. இது எப்படி நடந்தது?

தந்தி அலுவலகத்தில் ஒரு சிறு அறை

எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1921-இல் கொழும்பு தந்தி அலுவலகத்தில் பணியேற்றார். 1923-இல் அவரும் அவருடைய ஊழியர்களும் அங்கிருந்த ஒரு சிறிய அறையில் இருந்து இசைத்தட்டுகளைச் சோதனையாக ஒலிபரப்பினார்கள். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. போரில் மிஞ்சிய பொருள் பாட்டுக்குப் பயன்படுவது அத்துடன் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியில் இயங்கியது. பர்மா, மலாயா, சிங்கப்பூர் எல்லாம் அந்தத் தலைமையகத்தின் போர்க்களங்களில் அடங்கியவை. இந்தப் படை வீரர்களுக்காகவே கொழும்பில் 'ரேடியோ சீயாக்' என்ற நிலையம் அமைந்தது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. ஆனால், அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தபோது ஆண்டு 1946. போர் முடிந்துவிட்டது. வீரர்கள் வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள்.

சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு. அது வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். அப்படிப்பட்ட கருவி 1949-இல் புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கை அரசின் கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே 'ரேடியோ சிலோன்' உருவானது. 1950 செப்டம்பர் 30ஆம் தேதி வர்த்தக சேவையும் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த கிளிஃபர்ட் டோட் அதை வழிநடத்தினார்.

டில்லி மூடிய கதவு

கருவி இருந்தால் மட்டும் போதுமா? கேட்க ஆள் வேண்டாமா? அந்த ஆட்களைத் திரட்டிக் கொடுத்தவர் இந்திய அமைச்சர் ஒருவர்.

1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரானவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய இசையில் ஆழ்ந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு அளவு விதிக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் என்று தவிர்க்கப்பட்டது. தயாரிப்பாளர்களுடன் மோதல் முற்றவே, திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின.

நேயர்கள் சும்மா இருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினார்கள். 1952 டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி கொழும்பில் இருந்து ஒலித்தது. பற்பசை நிறுவனத்தின் விளம்பர ஆதரவில் வந்த அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. பம்பாயில் ஒலிப்பதிவாகும் நாடா கொழும்புக்கு அனுப்பப்படும். அங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்தியாவுக்கே வரும். சொந்த நாட்டுப் பாட்டைக் கடல் தாண்டிக் கேட்க வேண்டிய நிலை! முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாகச் சயானி பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

தமிழ் நேயர்களின் வானொலி

இந்திக்கு அமீன் சயானி என்றால் தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனன். அவருடைய குரலுக்காகவே தமிழ்நாட்டில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் ஏராளம். அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பெரிய வரிசையே வந்தது. 'பொங்கும் பூம்புனல்' போன்ற நிகழ்ச்சிப் பெயர்களிலேயே ஓர் அழகு இருந்தது. அப்துல் ஹமீத்தின் 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்து வெற்றி பெற்றது.

பாடல்கள் இந்தியாவில் இருந்து வந்தாலும் நாடகங்கள் இலங்கை மண்ணில் பிறந்தன. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வீடுகளைக் கட்டிப்போட்டது. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் 1976-இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே வெளிவந்தது.

வீட்டுக்குள்ளும் ஒரு பூட்டு

டில்லி மூடிய கதவைத் திறந்துவிட்ட கொழும்பு, தன் வீட்டுக்குள் வேறொரு கதவை மூடியது. சிங்கள மெல்லிசையின் முன்னோடிகளில் ஒருவர் சுனில் சாந்த. 1952-இல் இலங்கை வானொலிக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு நடத்த, லக்னோ இசைக் கல்லூரியின் ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். நம் மண்ணின் இசையை இந்துஸ்தானி அளவுகோலால் அளப்பதா என்று சுனில் சாந்த தேர்வுக்கு வர மறுத்தார். அவரும் லக்னோவில் இசை பயின்று பட்டம் பெற்றவர்தான். மறுத்ததன் விளைவாக வானொலியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. ரசனைக்கு வேலி போடுவது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அலை திசை மாறியது

இந்தியா தன் தவற்றை உணர்ந்தது. 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' தொடங்கியது. 1967-இல் அதில் விளம்பரங்களும் வந்தன. பிறகு ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் வந்தன. 1989-இல் கீத்மாலாவும் விவித் பாரதிக்கே சென்றது.

இலங்கையிலோ 1983-க்குப் பின் போர் மூண்டது. ஒரு காலத்தில் இரு கரைத் தமிழரையும் பாட்டால் இணைத்த நிலையத்தின் கலைஞர்களும் அந்தத் தீயில் இருந்து தப்பவில்லை. நேயர்கள் விரும்பிய கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார்.

எது நல்ல பாட்டு என்று அமைச்சர்களும் நிபுணர்களும் முடிவு செய்யலாம். ஆனால், எதைக் கேட்பது என்ற முடிவு நேயரின் விரல் நுனியில் இருக்கிறது. இலங்கை வானொலிக்கு 100 கிலோவாட் வலிமை போரில் இருந்து கிடைத்தது. நேயர்களோ, அவர்களின் விருப்பத்தை மதித்ததால் கிடைத்தார்கள். இன்று கைத்தொலைபேசியில் நிலையம் நடத்துகிறவர்களும் அந்தப் பழைய குமிழை மறந்துவிடக் கூடாது.