ஒரே அச்சில் வார்த்த தனியர்கள்: ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடரில் கணினி உருவும் கைவரைவும்

கணினி வரைகலையும் கைவரைவும் கலந்த அனிமே தொடர்களை மதிப்பிட ஓர் அளவுகோல் நிலைத்துவிட்டது. இரண்டும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்திருந்தால் வெற்றி, ஒட்டுத் தெரிந்தால் குறை. ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடரின் முதல் பருவத்தை (2002–2003, 26 அத்தியாயங்கள், இயக்கம் கமியாமா கென்ஜி, தயாரிப்பு புரொடக்‌ஷன் ஐ.ஜி) இந்த அளவுகோலால் அளந்தவர்கள் அதன் திரைக்கதையைப் போற்றுகிறார்கள். தாச்சிகோமா எனப்படும் நீலநிறச் சிந்தனை டாங்கிகள் திரையில் துருத்தி நிற்பதை மட்டும் அந்தக் காலத் தொழில்நுட்பத்தின் போதாமை என்று மன்னித்துவிடுகிறார்கள். இந்த மன்னிப்புக்குத் தேவையே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தத் துருத்தலை நீக்கிவிட்டால் 15ஆம் அத்தியாயம் எழுப்பும் கேள்வி பாதி வலுவை இழந்துவிடும்.

இதைவிட நுட்பமான வாசிப்பு ஒன்றும் உண்டு. கை வரைந்த கோட்டில் உயிர் இருக்கிறது, கணினி வார்த்த உருவில் அது இல்லை, ஆகவே மனிதர்களைக் கையாலும் இயந்திரங்களைக் கணினியாலும் காட்டியது பொருத்தமே என்று அது சொல்லும். ஒட்டுத் தெரிவதைக் குறையென்று தள்ளாமல் பொருளுள்ளதாக வாசிக்கத் துணிந்தது இந்த மரபின் கொடை. இக்கட்டுரையும் அதற்குக் கடன்பட்டது. ஆனால் தொடர் தரும் சான்றுகள் அதன் முடிவுக்கு எதிராகவே நிற்கின்றன.

முதல் சான்று தொடரின் நாயகி மேஜர் குசனாகி மோட்டோகோ. அவர் உடல் முழுவதும் செயற்கை. உடலை மட்டும் பார்த்தால் அவரும் தொழிற்சாலையில் உருவானவர்தான். ஆனாலும் அத்தியாயங்களில் அவர் கையால் வரையப்பட்டவராகவே வருகிறார். அதே மேஜர் தொடக்கப் பாடல் காட்சியில் முழுக்கக் கணினி உருவாக வருகிறார். ஒரே பாத்திரம் ஒரே அரைமணி நேரத்துக்குள் இரண்டு முறைகளிலும் தோன்றும்போது, இன்ன முறை இன்ன வகை உயிருக்கு என்ற பாகுபாடு நிலைக்காது. இரண்டாவது சான்று இன்னும் வலியது. மேஜர் பணிபுரியும் பாதுகாப்பு அமைப்பான ஒன்பதாம் பிரிவின் அலுவலகத்தில் ஆபரேட்டர் ஆண்ட்ராய்டுகள் வேலை செய்கின்றன. ஒரே முகம், ஒரே சிகை, ஒரே குரல். அவை சந்தேகத்துக்கு இடமின்றி இயந்திரங்கள். ஆனால் கையால் வரையப்பட்டவை. இயந்திரத்துக்குக் கணினி, மனிதருக்குக் கை என்ற சமன்பாடு இங்கேயே உடைந்துவிடுகிறது. இந்த வாசிப்பு ஆபரேட்டர்களைப் பொருட்படுத்தாமல் விட்டது வியப்பளிக்கிறது. அவற்றை விட்டுவிட்டுத் தாச்சிகோமாவை வாசிக்க முடியாது.

இனி 15ஆம் அத்தியாயம். பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் டெல்யூஸும் குவாத்தாரியும் 1972இல் வெளியிட்ட ‘ஆன்டி ஈடிபஸ்’ நூலின் கருத்தாக்கமே இதன் துணைத்தலைப்பு. அதை வைத்தே அத்தியாயத்தை விளக்கிவிடும் கட்டுரைகள் உண்டு; தலைப்பிலிருந்து தொடங்கும் வாசிப்பு திரையைப் பார்க்க மறந்துவிடுகிறது. திரையில் நடப்பது இது. 12ஆம் அத்தியாயத்தில் ஒரு தாச்சிகோமா யாரிடமும் சொல்லாமல் ஊருக்குள் உலாவப் போனது. ஆயுதம் தன்போக்கில் ஆசைப்படத் தொடங்கினால் நெருக்கடி நேரத்தில் அதை நம்ப முடியுமா என்ற ஐயம் மேஜருக்கு எழுகிறது. தாச்சிகோமாக்கள் கொட்டகையில் கூடித் தங்கள் நிலையை விவாதிக்கின்றன. தங்களைப் பிரித்துப் போட்டுவிடுவார்களோ என்று கவலைப்படுகின்றன. இறுதியில் அவை பணியிலிருந்து விலக்கப்படுகின்றன. மேஜரின் சக ஊழியரும் தாச்சிகோமாக்களிடம் பிரியம் கொண்டவருமான பாட்டோ மனம் பொறுக்காமல் நிற்கிறார்.

இந்த விவாதக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். உருண்டைத் தலைகள், நான்கு கால்கள், முன்னால் இரண்டு கைகள், பின்னால் ஆள் ஏறும் கூடு, சுழலும் வட்டக் கண்கள். எல்லாம் ஒரே வடிவ மாதிரியின் பிரதிகள். நீலப்பரப்பில் நிழல் ஒரே விதமாக விழுகிறது, வெளிக்கோடு ஒரே தடிமனில் ஓடுகிறது. எந்தத் தாச்சிகோமா எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. இப்போது ஒலியோடு பாருங்கள். எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவர் தமகாவா சகிகோ ஒருவரே. குரலும் உருவும் ஒன்றாயிருக்க, வேறுபாடு பேச்சில் மட்டும் பிறக்கிறது. ஒன்று தர்க்கம் பேசுகிறது, ஒன்று பதறுகிறது, ஒன்று காகிதப் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறது. சில நிமிடங்களில் பார்வையாளர் அவற்றைத் தனித்தனி ஆட்களாக உணரத் தொடங்கிவிடுகிறார். கண்ணுக்கு எந்தச் சான்றும் தராமலே காட்சி இதைச் செய்துவிடுகிறது.

கையால் வரைந்திருந்தால் இது நடந்திருக்குமா? கைவரைவில் ஒரு முகம் இரண்டு முறை ஒரே மாதிரி வருவதில்லை. முதன்மை அசைவுப்படங்களை வரைபவர் மாறினால் தாடையின் கோணம் மாறும், கோட்டின் அழுத்தம் மாறும், கண்ணின் அளவு மயிரிழை கூடிக் குறையும். நிறையப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு காட்சியை வரைந்தவர் யார் என்றே சொல்லிவிடுவார்கள். அப்படி வரைந்த தாச்சிகோமாக்களிடையே நாம் உணரும் வேறுபாடு பாத்திரத்தினுடையதா, வரைந்த கையினுடையதா என்ற ஐயம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கணினி மாதிரி அந்த ஐயத்தைத் துடைத்துவிடுகிறது. உடல் அளவில் வேறுபாடு இல்லை என்பது உறுதியான பின்பு, எஞ்சி நிற்கும் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. தொடரின் கதையும் இதையே கேட்கிறது. தாச்சிகோமாக்கள் தங்கள் அனுபவங்களை ஒன்றோடொன்று பகிர்ந்து சமப்படுத்திக்கொள்பவை. கொள்கைப்படி அவற்றிடம் தனிநினைவு என்று எதுவும் மிஞ்சக் கூடாது. பாட்டோ தன் தாச்சிகோமாவுக்கு மட்டும் கொடுத்துவந்த இயற்கை எண்ணெய்தான் காரணமோ என்ற ஊகமும் கதைக்குள்ளேயே வருகிறது. அந்த ஊகத்தைவிட அது எழுப்பும் சிக்கலே முக்கியம். உடல் ஒன்று, நினைவும் பொது என்றான பிறகும் தனித்தன்மை முளைக்கிறது என்றால், அது உடலிலும் இல்லை, நினைவின் இருப்பிலும் இல்லை. ஒரே நினைவை ஒவ்வொன்றும் எப்படி எடுத்து ஆராய்கிறது என்பதில் இருக்கிறது. பாட்டோ அவற்றின் மீது வைக்கும் அக்கறையையும் இதே இடத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும். தோற்றத்தில் பிடிமானம் ஏதுமில்லாத நிலையில் அவர் ஒன்றைத் தனியாகக் கருதுகிறார். பார்வையாளரையும் அத்தியாயம் அதே வேலையைச் செய்ய வைக்கிறது.

இப்போது ஆபரேட்டர்களுக்குத் திரும்பலாம். தொடரில் ஓரிடத்தில் ஒரு தாச்சிகோமா, தன்னையே பொய்யாக்கிக்கொள்ளும் கூற்றான பொய்யர் முரண்பாட்டைச் சொல்லி ஓர் ஆபரேட்டரைத் திணறடிக்கிறது. திரையின் ஒரு பக்கம் கை வரைந்த முகம், மறுபக்கம் கணினி வார்த்த உருண்டை. கோட்டில் உயிர் இருக்கிறது என்ற கொள்கைப்படி பார்த்தால் உயிர் முகத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும். ஆனால் சிந்திப்பதும் குறும்பு செய்வதும் உருண்டை, முடங்கிப்போவது முகம். ஆபரேட்டர்களிடம் ஓவியத்துக்கு ஓவியம் கோட்டு வேறுபாடு உண்டு, தனித்தன்மை இல்லை. தாச்சிகோமாக்களிடம் உருவ வேறுபாடு இல்லை, தனித்தன்மை உண்டு. இந்தக் குறுக்குப் பொருத்தமே இக்கட்டுரையின் கண்டடைவு. உயிரைக் கோட்டோடு கட்டிப்போடும் பழக்கத்தை இந்தத் தொடர் இரண்டு திசையிலும் அறுத்துவிடுகிறது.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். வாகனங்களும் ஹெலிகாப்டர்களும் வலைவெளிக் காட்சிகளும்கூடக் கணினி வரைகலைதானே என்பது ஒன்று. உண்மை, ஆனால் அவை பேசுவதில்லை. உழைப்பை மிச்சப்படுத்தவே டாங்கிகளைக் கணினியில் செய்தார்கள் என்பது இன்னொன்று. அப்படியே இருக்கலாம். படைப்பாளிகள் இந்தக் குறுக்குப் பொருத்தத்தைத் திட்டமிட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. செலவுக் காரணத்தால் வந்த ஒன்று திரையில் பொருள் தரக் கூடாது என்று விதி இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஷிரோ மசமுனேயின் மூல மாங்காவில் தாச்சிகோமாவின் முன்னோடியான ஃபுச்சிகோமாக்கள் கையால் வரையப்பட்டவை. அவையும் மனிதருக்கு எதிராகக் கலகம் செய்யலாமா என்று விவாதிக்கின்றன. அப்படியானால் கேள்வி கணினி வருவதற்கு முன்பே இருந்தது அல்லவா? இருந்தது. ஆனால் மாங்காவில் மனிதரும் டாங்கியும் பின்னணியும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முறை அங்கே பக்கத்தில் இல்லை. அதனால் விவாதம் பெரும்பாலும் வேடிக்கையாகவே கடந்துபோகிறது. தொடரில் இரண்டு முறைகள் ஒரே சட்டகத்துக்குள் மோதும்போதுதான் அது துயரமாகக் கனக்கிறது. 25ஆம் அத்தியாயத்தில் திரும்பி வரும் தாச்சிகோமாக்கள் பாட்டோவைக் காக்கத் தங்களை அழித்துக்கொள்கின்றன. பிரதி எடுக்கக்கூடிய ஒன்றின் மரணம் அங்கே ஈடுசெய்ய முடியாத இழப்பாகத் தெரிவதற்கு 15ஆம் அத்தியாயம் செய்துவைத்த வேலையே காரணம்.

இந்த வாசிப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2020இல் வந்த ‘எஸ்.ஏ.சி_2045’ தொடரில் (இயக்கம் கமியாமா கென்ஜி, அரமாகி ஷின்ஜி) மேஜரும் பாட்டோவும் தாச்சிகோமாவும் எல்லாருமே கணினி உருவங்கள். பழைய அளவுகோலின்படி இதுவே நிறைவான இணைப்பு. ஒட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அங்கே தாச்சிகோமாக்கள் இனிய துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிவிடுகின்றன. எல்லாரும் ஒரே முறையில் வார்க்கப்பட்ட உலகில் அவற்றின் ஒரேமாதிரித் தோற்றம் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. இதற்குத் திரைக்கதையும் ஓரளவு காரணமாயிருக்கலாம். முழுப்பழியையும் முறையின் மீது போடவில்லை. சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

ஒட்டுத் தெரிந்தாலே சிறப்பு என்று தலைகீழாகவும் சொல்லிவிடக் கூடாது. மாயேதா மஹிரோ இயக்கிய ‘புளூ சப்மரின் நம்பர் 6’ (1998–2000) நான்கு பாகங்களிலும் கணினியில் உருவான நீர்மூழ்கிகள் கை வரைந்த மாந்தரிடமிருந்து பளிச்சென்று விலகி நிற்கின்றன. அந்தக் கதையின் மையம் மனிதருக்கும் கலப்புயிர்களுக்கும் இடையிலான பகை. முகம் காட்டிப் பேசும் இரு தரப்பும் கையால் வரையப்பட்டவையே. ஒட்டு ஓரிடத்தில் ஓடுகிறது, கதையின் பிளவு வேறிடத்தில் ஓடுகிறது. அங்கே பழைய குற்றச்சாட்டு நியாயமானது.

ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டும். கலப்புத் தொடர் ஒன்றை மதிப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு முறைகளுக்கு இடையிலான எல்லைக்கோடும் கதையின் எல்லைக்கோடும் எங்கே சந்திக்கின்றன என்பது. சந்திக்கும் இடத்தில் புதிதாக ஏதேனும் சொல்லப்படுகிறதா என்பது அடுத்தது. ஒட்டுத் தெரிகிறதா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் சிறிய கேள்வி. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ முதல் பருவம் தொழில்நுட்பக் குறைகளை மீறி வென்ற படைப்பு என்ற தீர்ப்பைத் திருத்தியாக வேண்டும். குறை என்று குறித்து வைத்த அந்த ஒரேமாதிரி நீல உருண்டைகளால்தான் அது வென்றது.