தடித்த வண்ணமும் சேரியின் நினைவும்

ஒரு ஊரைப் படமாக வரைவது சும்மா காரியமில்லை. எதை வரைவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவன் அந்த ஊரின் வரலாற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறான். சிதம்பரம் என்றால் நமக்குக் கிடைக்கிற படம் எது? நாலு கோபுரம், நாலு தேர்வீதி, தூக்கிய திருவடி. காலண்டரில் வழவழவென்று அச்சான படம். தேர்வீதியோடு ஊர் முடிந்துவிடும். சேரி எங்கே?

இந்த வழவழப்புக்கு எதிரான ஓவியமுறை ஒன்று உண்டு. வண்ணத்தை மெல்லிசாகத் தடவாமல், சுவருக்குச் சேறு அப்புவது போல் அப்புவது. பிராங்க் அவர்பாக் அப்படி வரைந்தவர். 1931ல் பெர்லினில் பிறந்த யூதர். 1939ல், எட்டு வயது நிறையாத பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்கள். அனுப்பிய பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். குண்டுவீச்சில் இடிந்த லண்டனில், புதுக் கட்டடங்களுக்காகத் தோண்டிய பள்ளங்களை அவர் 1950களில் வரைந்தார். 2024ல் சாகும்வரை கேம்டன் டவுனின் அதே தெருக்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். அந்தப் படத்தில் தெரு சட்டென்று பிடிபடாது. ஆனால் அங்கே எதுவோ இடிந்திருக்கிறது, யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் கைக்கே தெரிந்துவிடும்.

தமிழில் ஆதிமூலம் (1938-2008) பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாக அப்பி, உருவமில்லாத நிலவெளிகளை வரைந்தார். அழகான நிலம், எல்லைக்கோடு இல்லாத நிலம். நம்ம ஊர் நிலம் அப்படியா இருக்கு?

கடலூரைப் பாருங்கள். 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுமோ அதுவரை கம்பெனிக்கு என்று பேச்சு. அந்த எல்லைக்குள் வந்தவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. வாங்கினவன் பேரு ஏட்டுல இருக்கு, வித்தவன் பேரும் இருக்கு. உழுதவன் பேரு? 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்கள். 2004 டிசம்பர் 26ல் அதே கரையில் ஆழிப்பேரலை ஏறியது. ஒரு படிவின் மேல் இன்னொரு படிவு. இதை மெல்லிய பூச்சில் சொல்ல முடியாது.

சிதம்பரத்தில் படிவு இன்னும் கனம். நந்தனுக்குத் தென்மதிற்புறத்தில் தீ வளர்த்ததாக 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அந்தத் தீ ஓமக்குளத்தில்தான் எரிந்தது என்று நம்ம சனம் சொல்லுது. நந்தன் நுழைந்த தெற்கு வாசலைச் சுவர் வைத்து அடைத்தார்கள் என்றும் சொல்லுது. அந்தச் சுவரை அகற்றக் கோரி 2010ல் போராட்டமே நடந்தது. தீ எரிந்ததாகச் சொல்லும் ஓமக்குளத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார். சாம்பலின் மேல் சிலேட்டு. காலண்டர்க்காரனுக்கு இது தெரியாது.

தடித்த வண்ணத்தின் குணம் ஒன்றுதான்: மேலே என்ன பூசினாலும் அடியில் இருப்பது புடைத்துக்கொண்டு நிற்கும். அடியில் கிடக்கும் வரலாறு நம்முடையது. அதனால்தான் இந்த முறை நமக்கு வேண்டும்.

நம்ம பிள்ளைகள் தூரிகை எடுத்தால் கோபுரத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஓமக்குளத்துச் சேற்றிலிருந்து தொடங்கட்டும். கோபுரம் வேணும்னா அதுக்கு மேல வரட்டும்.