ஸ்கைலேண்டர்ஸ் (பொம்மைசார் வீடியோ விளையாட்டுத் தொடர்)

ஸ்கைலேண்டர்ஸ் என்பது அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 2011 முதல் 2016 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட ஆறு வீடியோ விளையாட்டுகளின் தொடர். கன்சோலோடு 'போர்ட்டல் ஆஃப் பவர்' என்ற வட்டமான பீடம் ஒன்று இணைந்திருக்கும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையை அதன்மேல் வைத்த நொடியில் அதே உருவம் திரையில் தோன்றிச் சண்டையிடத் தொடங்கும். பொம்மையின் அடியில் இருக்கும் ரேடியோ சிப்புக்கு மின்கலம் வேண்டியதில்லை. பீடத்திலிருந்து வரும் அலையே அதை இயக்கும். கதாபாத்திரம் எட்டிய நிலை, சேர்த்த பணம், குழந்தை சூட்டிய செல்லப்பெயர் எல்லாம் அந்தச் சிப்பிலேயே பதிவாகும். இந்த எளிய ஏற்பாடு ஒரு புதிய வணிகத்தையே உருவாக்கியது, சில ஆண்டுகளில் அந்த வணிகம் சரிந்தும் போனது. சரிவுக்குச் சந்தை நெரிசல், கைப்பேசி விளையாட்டுகள், குழந்தைகளின் சலிப்பு என்று மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தியதும் ஆழமானதுமான காரணம் தொடரின் அமைப்புக்குள்ளேயே இருந்தது: பொம்மை என்பது வைத்திருக்கும் பொருள், ஆண்டுதோறும் வரும் விளையாட்டு என்பது மாற்றிக்கொண்டே இருக்கும் பொருள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிய நிறுவனம், ஒவ்வோர் ஆண்டும் பொம்மையின் பக்கத்தை விட்டுக்கொடுத்தது.

தொடரின் பிறப்பிலேயே இதற்கான விதை இருந்தது. பால் ரைக்கியும் பிரெட் ஃபோர்டும் நிறுவி, கலிபோர்னியாவின் நோவாட்டோ நகரில் இயங்கிய டாய்ஸ் ஃபார் பாப் என்ற ஸ்டுடியோ 2005-இல் ஆக்டிவிஷன் வசமானது. 2008-இல் விவெண்டி கேம்ஸுடன் நடந்த இணைப்பால், 1998-இல் அறிமுகமாகிப் புகழ்பெற்று மங்கியிருந்த ஸ்பைரோ என்ற ஊதா நிற டிராகனும் ஆக்டிவிஷனுக்குக் கிடைத்தது. அதைப் புதுப்பிக்கும் வேலை நோவாட்டோவுக்கு வந்தது. பொழுதுபோக்காக நீராவி ரோபோக்கள் செய்துவந்த ஐ-வெய் ஹுவாங் அங்கே பொம்மைகளுக்கு வடிவம் கொடுத்தார். 'டாய் ஸ்டோரி' படத்தின் எழுத்தாளர்களில் இருவரான ஜோயல் கோஹென், அலெக் சோகோலோவ் ஆகியோர் கதையை எழுதினார்கள். கேயாஸ் என்ற தீயவன் வீரர்களைப் பூமிக்குத் தூக்கியெறிகிறான், மந்திரமற்ற இவ்வுலகில் அவர்கள் உறைந்து பொம்மைகளாகிவிடுகிறார்கள், பீடத்தின் வழியே குழந்தைதான் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். பொம்மை ஏன் பொம்மையாக இருக்கிறது என்பதற்கே கதை விடை சொன்னது. அவ்வளவு நேர்த்தியான இணைப்பு பின்னால் வந்த எந்தப் போட்டி விளையாட்டிலும் இல்லை. இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் கிதார்களை விற்றுச் செழித்து, அடுத்தடுத்த வெளியீடுகளால் சந்தையைத் திகட்டச் செய்த 'கிதார் ஹீரோ' தொடரை ஆக்டிவிஷன் 2011 பிப்ரவரியில்தான் நிறுத்தியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கைலேண்டர்ஸ் வெளியானது. பாடம் கண்ணெதிரே இருந்தபோதே அதே பாதையில் அடுத்த பயணம் தொடங்கியது.

முதல் ஆண்டுகளின் வெற்றி மெய்யானது, அதைக் குறைத்துப் பேச இடமில்லை. 2013 தொடக்கத்திலேயே தொடரின் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. 2015-இன் நடுவில் 25 கோடி பொம்மைகள், 300 கோடி டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. குழந்தைகளை ஈர்த்தது போலவே பெற்றோரையும் அது ஈர்த்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. ஒரே சோபாவில் இருவர் சேர்ந்து ஆடலாம். நடுவில் ஒருவர் பொம்மையை வைத்து நுழையலாம், எடுத்துக்கொண்டு விலகலாம். ஒரு வீட்டில் பிளேஸ்டேஷனில் வளர்த்த வீரனைப் பையில் போட்டு நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்குள்ள வீ கன்சோலில் அதே நிலையில் ஆடலாம். போட்டி நிறுவனங்களின் கன்சோல்களுக்கு இடையே அன்று இருந்த சுவரை எட்டு டாலர் பொம்மை தாண்டியது. செலவும் கண்ணுக்குத் தெரிந்தது. திரைக்குள் ரகசியமாகக் கடன் அட்டையைத் தொடும் விளையாட்டுகள் பெருகிய காலத்தில், இங்கே கடைக்குப் போய் விலை பார்த்து வாங்கும் முடிவு பெற்றோரின் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாடாத நேரத்திலும் அது பொம்மைதான். தரையில் உருட்டலாம், அலமாரியில் நிறுத்தலாம். பணம் வீணாகவில்லை என்ற உணர்வைக் குடும்பங்களுக்குத் தந்தது இதுவே.

இனி கணக்கைப் பார்க்கலாம். முதல் விளையாட்டின் ஸ்டார்ட்டர் பேக் சுமார் 70 டாலர். அதில் வட்டு, பீடம், மூன்று பொம்மைகள். வீரர்கள் நெருப்பு, நீர், நிலம், காற்று முதலான எட்டு வகைகளாகப் பிரிந்திருந்தார்கள். அந்தந்த வகை வீரன் வந்தால் மட்டும் திறக்கும் கதவுகள் வழியெங்கும் நின்றன. பெட்டியில் வந்த மூவர் மூன்று வகைக் கதவுகளைத் திறப்பார்கள். மீதி ஐந்து வகைக்கு ஐந்து பொம்மைகள் வாங்கினால் போதும், அதற்கு ஏறத்தாழ 40 டாலர். தனி அத்தியாயங்களைத் திறக்கும் கூடுதல் பெட்டிகள் வேறு இருந்தாலும், பிறந்தநாளுக்கு ஒன்று, பரிசாக ஒன்று என்று சேர்த்து முடிக்கக்கூடிய அளவுதான். 2012-இல் வந்த 'ஜயண்ட்ஸ்' பெரிய உருவப் பொம்மைகளைக் கொண்டுவந்து, சில வேலைகளை அவர்களால் மட்டுமே செய்ய முடியும் என்றது. 2013-இல் விக்கேரியஸ் விஷன்ஸ் ஸ்டுடியோ செய்த 'ஸ்வாப் ஃபோர்ஸ்' இடுப்பில் காந்தம் வைத்த 16 பொம்மைகளைத் தந்தது. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் 256 வீரர்கள். பொம்மையாகப் பார்த்தால் தொடரின் மிகச் சிறந்த படைப்பு இதுதான். திரை இல்லாமலும் குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தது. ஆனால் ஏறுதல், தோண்டுதல், சுழலுதல் என எட்டு அசைவுகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் வைத்து, அவற்றைப் பழைய வீரர்களுக்கு மூடிவிட்டது.

திருப்பம் 2014-இல் நேர்ந்தது. 'ட்ராப் டீம்' விளையாட்டில் எட்டு வகைக் கதவுகள் மறுபடி வந்தன. ஆனால் அவற்றை 'ட்ராப் மாஸ்டர்' என்ற புதிய வகைப் பொம்மைகள் மட்டுமே திறக்கும் என்று விதி மாறியது. மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த நெருப்பு வீரர்கள் ஐந்து பேர் கூடையில் இருந்தாலும் நெருப்புக் கதவு திறக்காது. வீட்டுக்காரர் கையில் பழைய சாவிக்கொத்து இருக்க, பூட்டை மட்டும் மாற்றிய செயல் இது. ஒரு ட்ராப் மாஸ்டர் சுமார் 15 டாலர். சுமார் 75 டாலர் ஸ்டார்ட்டர் பேக்கில் ஒருவர்தான் வருவார், மீதி எழுவருக்கு 105 டாலர். வில்லன்களைப் பிடித்து அடைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பொறிகள் தனி. ஒன்று சுமார் ஆறு டாலர். வகைக்கு ஒரு பொறி என்று வாங்கினாலே மொத்தம் 200 டாலரைத் தாண்டிவிடும். பின்னர் ஒளி, இருள் என்று இரண்டு வகைகளும் கூடின. பிடிபட்ட வில்லனின் குரல் பீடத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காகப் பீடமே மாறியது. பழைய பீடங்கள் மூலைக்குப் போயின. 2015-இன் 'சூப்பர்சார்ஜர்ஸ்' நிலம், கடல், வானம் என மூன்றுவகை வாகனங்களைக் கேட்டது. ஸ்டார்ட்டர் பேக்கில் இருந்தது தரை வாகனம் ஒன்றுதான். 2016-இன் 'இமாஜினேட்டர்ஸ்' வீரரைக் குழந்தையே வடிவமைக்கும் படிகங்களையும், சென்ஸாய் என்ற மற்றொரு புது வரிசையையும் கொண்டுவந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 2011-இல் வாங்கிய பொம்மை 2016 விளையாட்டிலும் இயங்கியது. ஸ்டார்ட்டர் பேக்கில் வந்தவர்களைக் கொண்டே ஒவ்வொரு கதையையும் முடித்துவிடலாம். ஆகவே யாரும் ஏமாற்றப்படவில்லை என்பதே அந்த மறுப்பு. முதல் இரண்டு கூற்றுகளும் உண்மை. பழைய பொம்மைகளைக் கடைசிவரை இயக்கிக் காட்டியது பாராட்டத்தக்க தொழில்நுட்ப நேர்மையும்கூட. ஆனால் இயங்குவது வேறு, பயன்படுவது வேறு. பழைய வீரன் திரையில் வருவான், நடப்பான், சண்டை போடுவான். கதவருகே வந்ததும் கையற்று நிற்பான். பூட்டிய கதவு மறைவாகவும் இல்லை. அது வழியிலேயே நின்று, எந்தப் பொம்மை இல்லை என்பதை ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி காட்டியது. முதல் விளையாட்டிலேயே, வழியில் கிடைக்கும் ரத்தினத்தை எடுத்தால் வீட்டில் இல்லாத வீரனின் சாகசக் காட்சி திரையில் ஓடியது. முடிக்கலாம் என்று பெரியவர் சொல்லும் கதைக்கும், குழந்தை கண்ணால் காணும் கதைக்கும் இடையே இருந்த இந்த வேறுபாட்டைத்தான் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் பணம் கொடுத்து நிரப்ப வேண்டியிருந்தது.

நிறுவனத்துக்கு வேறு வழி இல்லை என்றும் வாதிடலாம். இந்த வாதம் ஊன்றிக் கேட்கத் தக்கது. 2016-க்குள் உலகெங்கும் 30 கோடி ஸ்கைலேண்டர்ஸ் பொம்மைகள் விற்றிருந்தன. அவை உடையாதவை, தேயாதவை, மின்கலம் தீராதவை. அக்கா வளர்ந்து ஒதுக்கிய கூடை முழுதாகத் தம்பிக்கு வரும். பழைய நெருப்பு வீரனே எல்லா நெருப்புக் கதவுகளையும் திறந்துகொண்டிருந்தால் தம்பிக்குப் புதிய பொம்மை எதற்கு? விற்ற பொம்மைகளே விற்க வேண்டிய பொம்மைகளுக்குப் போட்டியாக நின்றன. குடும்பத்துக்கு எது சொத்தோ, அதுவே நிறுவனத்துக்குச் சுமை. எனவே கதவின் விதியை மாற்றியதில் வணிகத் தர்க்கம் இருந்தது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தர்க்கம் ஒரே ஆண்டின் லாபத்தை மட்டும் பார்த்தது. 1958-இல் காப்புரிமை பெற்ற லெகோ கட்டையின் இணைப்பு முறை இன்றும் மாறவில்லை. பாட்டன் காலத்துக் கட்டையோடு இன்றைய கட்டை பொருந்துவதால், பழைய பெட்டி வைத்திருக்கும் வீடுதான் புதிய பெட்டியை விரும்பி வாங்குகிறது. பழையதன் மதிப்பு உயர்ந்தால் புதியதன் விற்பனை குறையும் என்ற அச்சம் எல்லா இடத்திலும் உண்மையாவதில்லை. தம்பிக்கு வந்த கூடை ஸ்கைலேண்டர்ஸுக்கு அடுத்த தலைமுறை வாடிக்கையாளரை இலவசமாகத் தேடித் தந்திருக்கும். தொடர் அந்தக் கூடைக்கு மதிப்புக் கொடுக்காமல் விட்டது.

சந்தை நெரிசல் என்ற விளக்கமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே. 2013 ஆகஸ்டில் 'டிஸ்னி இன்ஃபினிட்டி', 2014 நவம்பரில் நின்டெண்டோவின் அமீபோ, 2015 செப்டம்பரில் சுமார் 100 டாலர் விலையில் 'லெகோ டைமென்ஷன்ஸ்' என்று வரிசையாக வந்தன. ஒரு வீட்டில் மூன்று பீடங்களுக்கு இடமில்லை, பணமும் இல்லை. 'சூப்பர்சார்ஜர்ஸ்' எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்று ஆக்டிவிஷனே ஒப்புக்கொண்டது. ஆனால் போட்டிதான் நோய் என்றால், போட்டியாளர் விழுந்ததும் உடல் தேறியிருக்க வேண்டும். 2016 மே மாதம் டிஸ்னி 14.7 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதி, இன்ஃபினிட்டியை நிறுத்தி, அதைச் செய்த அவலாஞ்ச் ஸ்டுடியோவை மூடியது. மிகப் பெரிய எதிரி களத்தில் இல்லாத அந்த ஆண்டு அக்டோபரில்தான் 'இமாஜினேட்டர்ஸ்' வெளியானது. அடுத்த பிப்ரவரியில், 2017-இல் புதிய ஸ்கைலேண்டர்ஸ் கிடையாது என்ற அறிவிப்பு வந்தது. விட்டுப்போன இடம் யாருக்கும் வாய்க்கவில்லை. ஆண்டுக்கொரு வட்டு வேண்டாம், ஒரே விளையாட்டு மூன்றாண்டு வளரும் என்று தொடங்கிய 'லெகோ டைமென்ஷன்ஸ்' கூட 2017 அக்டோபரில் முடிந்தது. வட்டு மாறாவிட்டாலும், இல்லாத பொம்மையின் கதவு எதிரே நிற்கும் முறை அதிலும் இருந்தது. முந்தைய இரண்டு தொடர்களிடம் சூடுபட்ட வீடுகளுக்குள்தான் அது நுழைய முயன்றது.

குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் டேப்லெட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது கடைசி விளக்கம். ஏழு வயதில் தொடங்கியவருக்கு 2016-இல் பன்னிரண்டு வயது, விலகுவது இயல்பு. ஆனால் ஏழு வயதுக் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறார்கள். டேப்லெட்டை ஆக்டிவிஷன் கவனிக்காமலும் இல்லை. 2014-இல் 'ட்ராப் டீம்' முழு விளையாட்டும் புளூடூத் பீடத்தோடு டேப்லெட்டுக்கு வந்தது. அதே ஆண்டுகளில் குழந்தைகளை ஈர்த்துக்கொண்ட 'மைன்கிராஃப்ட்' விளையாட்டைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒருமுறை வாங்கினால் போதும். புதுப்பிப்பு வந்த மறுநாளும் நேற்றுக் கட்டிய வீடு அங்கேயே நிற்கும். குழந்தைகள் திரை மாறியதோடு, தாங்கள் சேர்த்தது நிலைக்கும் இடத்துக்கும் மாறினார்கள்.

பொம்மைசார் விளையாட்டுகளில் தப்பிப் பிழைத்த அமீபோவும் இதையே காட்டுகிறது. ஒரே உருவம் பல விளையாட்டுகளில் ஏதாவது ஒரு சிறு நன்மை தரும். பெரும்பாலும் அது இல்லாவிட்டாலும் விளையாட்டின் பெரும்பகுதி பூட்டப்படுவதில்லை. பொம்மையைப் பிடித்திருந்தால் வாங்கலாம். 2017 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 'இமாஜினேட்டர்ஸ்' வந்தபோது ஸ்கைலேண்டர்ஸும் பீடத்தைக் கைவிட்டது; பொம்மையைக் கன்ட்ரோலரில் ஒருமுறை தொட்டுவிட்டால் வீரன் கன்சோலிலேயே சேமிக்கப்படுவான், அதன்பின் பொம்மை தேவையில்லை. வசதியான ஏற்பாடுதான். ஆனால் பீடத்தின்மேல் வைத்து, எடுத்து, மாற்றும் அந்தச் செயல்தான் இந்தத் தொடரின் உயிர். அது இல்லாதபோது பொம்மை வெறும் அனுமதிச் சீட்டாகிறது. 2018 அக்டோபரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'ஸ்டார்லிங்க்' விளையாட்டின் விண்கலப் பொம்மைகளும் விற்பனை போதாமல் அடுத்த ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டன. டாய்ஸ் ஃபார் பாப் பொம்மை இல்லாத விளையாட்டுகளுக்குத் திரும்பி, 2018-இல் ஸ்பைரோவின் பழைய மூன்று விளையாட்டுகளைப் புதுப்பித்து வெளியிட்டது; 2024-இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2023-இல் ஆக்டிவிஷனை வாங்கிய மைக்ரோசாஃப்டிடம் இப்போது ஸ்கைலேண்டர்ஸ் உரிமை இருக்கிறது. அது இத்தொடரை மீண்டும் எடுக்குமானால், முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் புதிய பொம்மையை விற்பது என்பதை அல்ல, ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் 30 கோடி பொம்மைகள் எந்தக் கதவுகளைத் திறக்கும் என்பதை.