சாப்பாட்டு மேஜையில் பிறந்த கம்பெனி

வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் அந்தப் பெண் முதலில் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்குவார். பிறகுதான் ரிசீவரை எடுப்பார். டேப்பில் ஓடுவது பாட்டு இல்லை, டைப்ரைட்டர் தட்டும் சத்தம். மறுமுனையில் பேசும் வாடிக்கையாளருக்கு ஏதோ பரபரப்பான ஆபீஸுடன் பேசுகிறோம் என்று தோன்றும். உண்மையில் அது இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீடு. டைப்ரைட்டர் சத்தத்துக்குக் கீழே அமுங்கிப்போனது ஒரு கைக்குழந்தையின் அழுகை. இன்று மீட்டிங் நடுவே குக்கர் விசில் கேட்டுவிடுமோ என்று மைக்கை அணைக்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவர் அவர்.

பெயர் ஸ்டெபனி ஷெர்லி. 1933-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். அப்பா யூதர், நீதிபதி. ஹிட்லரின் பிடி இறுகியபோது, 1939-ல், பெற்றோரை விட்டுப் பிரித்து யூதக் குழந்தைகளை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் அல்லவா, அந்த ரயிலில் வந்த ஐந்து வயதுச் சிறுமி. பள்ளியில் பெண்களுக்குக் கணக்கு உருப்படியாகச் சொல்லித்தர ஆள் இல்லாததால் ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். லண்டனில் டாலிஸ் ஹில் என்ற இடத்திலிருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று படித்துத்தான் கணிதப் பட்டம் வாங்கினார். பிறகு கணினி வடிவமைக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாறினார். பெண் என்பதால் இதற்கு மேல் ஏறமுடியாது என்று அங்கே புரிந்துபோனது. 1962-ல் வேலையை விட்டார். கையில் இருந்த முதல் ஆறு பவுண்டு. சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். கம்பெனியின் பெயர் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்.

வீட்டிலிருந்து வேலை செய்வதென்பது கொரோனா கொடுத்தது என்றே பலர் பேசுகிறார்கள். சற்று விவரம் தெரிந்தவர்கள் இணையம் கொடுத்தது என்பார்கள். இரண்டும் சரியில்லை. ஷெர்லியிடம் இணையம் கிடையாது. மென்பொருள் எழுதும் கம்பெனி, ஆனால் ஆரம்பத்தில் சொந்தமாக ஒரு கணினிகூடக் கிடையாது. இருந்தது தபாலும் தொலைபேசியும்தான். ஆளெடுக்கும்போது கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, உங்களுக்குத் தொலைபேசி வசதி உண்டா என்பது.

வீட்டிலிருந்து உழைப்பதே புதிது என்றும் சொல்லமுடியாது. பீடி சுற்றுகிறவர்களும் நெசவாளர்களும் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். மேலதிகாரியின் கண்ணெதிரே உட்கார்ந்து பார்க்கவேண்டியது என்று கருதப்பட்ட ஆபீஸ் வேலை வீட்டுக்குப் போனதுதான் இங்கே புதிது.

வேலைக்கு வந்தவர்கள் யார்? கல்யாணமானதும், அல்லது முதல் குழந்தை வயிற்றில் வந்ததும் வேலையை விட்ட புரோகிராமர்கள். நல்ல பயிற்சி பெற்றவர்கள், அனுபவம் உள்ளவர்கள், வீட்டோடு முடங்கியவர்கள். ஊர் கழித்துவிட்ட அந்தத் திறமையைத்தான் ஷெர்லி பொறுக்கியெடுத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள்.

சந்தையோ சுலபமாக வழிவிடவில்லை. கணவர் சம்மதம் இல்லாமல் ஒரு பெண் வங்கிக் கணக்குகூடத் தொடங்கமுடியாத காலம் அது என்று ஷெர்லி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேலை கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் டெரெக் ஒரு யோசனை சொன்னார்: ஸ்டெபனி என்று போடாதே, ஸ்டீவ் என்று கையெழுத்துப் போடு. போட்டார். பதில்கள் வரத் தொடங்கின. நேரில் போய் நின்றபோதுதான் ‘ஸ்டீவ்’ ஒரு பெண் என்று அவர்களுக்குத் தெரிந்தது. கடைசிவரை அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். ஒரு பெண் தன் வீட்டில் பென்சிலும் தாளுமாக உட்காருவார். செய்யவேண்டிய கணக்கை முதலில் ஃப்ளோசார்ட்டாக வரைவார். அதைப் பார்த்து வரி வரியாக இயந்திரக் குறியீடு எழுதுவார். எழுதிய தாள்கள் தபாலில் ஒரு கணினி மையத்துக்குப் போகும். அங்கே அதை அட்டையில் அல்லது காகித நாடாவில் துளையிடுவார்கள். தப்பு நேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க இன்னொரு முறை துளையிடுவார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் அந்த நிரல் கணினியின் பக்கத்துக்கே போகும். இதில் எந்த இடத்தில் ஆபீஸ் நாற்காலி தேவைப்படுகிறது? எங்குமே இல்லை. நாற்காலியைக் கேட்டது வேலை அல்ல, வேலை வாங்கிய பழக்கம்.

கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம் இப்படித்தான் எழுதப்பட்டது. 1966-ல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது: ஆன் மொஃபட் என்ற புரோகிராமர் தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் குழந்தை. ஒலியைவிட வேகமாகப் பறந்த விமானத்தின் பதிவுக் கருவிக்கான வேலை அந்த மேஜையில் நடந்தது.

தபாலும் தொலைபேசியும் எல்லாருக்கும் பொதுதான். அவற்றைக்கொண்டு இப்படியொரு கம்பெனியை நடத்த இரண்டு ஏற்பாடுகள் தேவைப்பட்டன. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவைதான்.

ஒன்று, விலை. அப்போது புரோகிராம் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கேட்பார்கள். ஷெர்லி முழு வேலைக்கும் ஒரே தொகை என்று முன்கூட்டியே பேசி முடித்தார். ஆட்கள் பகுதிநேரம், வீட்டிலிருக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளரிடமிருந்து மறைக்கச் செய்த உபாயம்தான் அது. ஆனால் அதன் பலன் எதிர்பாராத இடத்தில் விழுந்தது. தொகை நிலையானது என்றால், வேலை செய்தவர் பகலில் எழுதினாரா, பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி எழுதினாரா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. சொன்ன நாளில் சரியான புரோகிராம் வந்து சேர்ந்ததா என்பது மட்டுமே கேள்வி.

இரண்டு, எழுத்து. ஒருவர் செய்ததை எங்கோ இருக்கும் இன்னொருவர் எடுத்துத் தொடரவேண்டும். பக்கத்து நாற்காலியில் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வழியில்லை. அதனால் எப்படி எழுதுவது, எப்படிச் சரிபார்ப்பது, எதைப் பதிந்து வைப்பது என்று விதிகளை வகுத்தார்கள். தங்கள் மென்பொருள் தரவிதிகளைப் பின்னாளில் நேட்டோவே ஏற்றுக்கொண்டதாக ஷெர்லி பெருமையாகச் சொன்னதுண்டு. தூரம் ஒரு குறை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் குறைதான் அவர்களை ஒழுங்காக எழுதி வைக்கப் பழக்கியது. இன்று ‘ஹைப்ரிட்’ என்று அறிவித்துவிட்டு, எல்லா முடிவையும் காபி மெஷின் பக்கத்தில் நின்று வாய்வார்த்தையாக எடுக்கும் ஆபீஸ்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

1975-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. பெண்களுக்கு முன்னுரிமை தரும் ஷெர்லியின் கொள்கையே சட்டவிரோதமாகிவிட்டது. ஆண்களையும் சேர்த்தார்கள். கம்பெனியில் நாலில் ஒரு பங்கைத் தன் கைப்பொருளாகவே ஊழியர்களுக்குக் கொடுத்தார் அவர். 1996-ல் லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்த அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் 70 பேர் கோடீஸ்வரர்களானார்கள். பின்னர் அதன் பெயர் சான்ஸா என்று மாறி, சென்னை உட்பட இந்தியாவிலும் கிளை பரப்பி, 2007-ல் ஸ்டெரியா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஷெர்லி 2025 ஆகஸ்டில், 91 வயதில் காலமானார்.

அவருடைய கம்பெனியை ஆண்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில், சின்னதாக இருப்பதால் ஓடுகிறது என்றார்களாம். பெரிதானதும், பெரிதுதான், ஆனால் முக்கியமானதல்ல என்றார்களாம். பல நூறு கோடி டாலர் மதிப்பு வந்த பிறகுதான் ‘சபாஷ்’ வந்தது.

தூரத்திலிருந்து வேலை செய்வதற்கு அமெரிக்காவில் இன்னொரு பிறப்பும் உண்டு. அங்கே காரணம் குழந்தை அல்ல, டிராஃபிக். லாஸ் ஏஞ்சலஸில் விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்த ஜாக் நில்ஸ், 1973-ல் டெலிகம்யூட்டிங் என்று இதற்குப் பெயர் வைத்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்களை நகர மையத்துக்கு வரச்சொல்லாமல், அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறு அலுவலகங்களில் உட்காரவைத்துச் சோதித்தார். சோதனை நல்ல பலன் தந்தது. இருந்தும் அந்த நிறுவனம் அதைத் தொடரவில்லை.

தொடராமல் விடுவது பின்னாளிலும் நடந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யவிடுவதற்குப் பேர்போன ஐபிஎம் 2017-ல் பலரை ஆபீஸுக்குத் திரும்ப அழைத்தது. அதற்கு முன்பே, 2013-ல், யாஹூ அழைத்துவிட்டது. கண்ணில் படாதவர் வேலை செய்யமாட்டார் என்ற பயம் லேசில் போவதில்லை. அந்தப் பயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். ஆனால் அதே அளவு நன்றாக வேலை செய்த ஆபீஸ்காரர்களைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்தது. தனிமை தாங்காமல் திரும்பி வரக் கேட்டவர்களும் நிறைய. முழுக்க வீடு என்பதும் எல்லாருக்கும் ஒத்துவரவில்லை.

அதே நிறுவனம், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று 1,612 பேரை வைத்து ஆறு மாதம் சோதித்தது. முடிவு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. வேலையை விட்டுப்போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. சோதனைக்கு முன்னால் மேனேஜர்களைக் கேட்டபோது, இந்த முறையால் உற்பத்தித்திறன் சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்றார்கள். சோதனை முடிந்தபின் கேட்டபோது, ஒரு சதவீதம் கூடும் என்றார்கள். நிறுவனம் அந்த முறையைத் தன் ஊழியர்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது.