வெயிலூருக்கு வந்த சாக்லேட்

திண்டிவனத்தில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் சாக்லேட் இரண்டு இடங்களில் இருக்கும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் ஜாடிகளில், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சரக்கு. கொஞ்சம் தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் குளிர்பெட்டிக்குள் பத்து ரூபாயிலிருந்து நூறு ரூபாய் வரைக்குமான சரக்கு. ஜாடியில் இருப்பது சித்திரை வெயிலிலும் அப்படியே கிடக்கும். குளிர்பெட்டியில் இருப்பதை வெளியே எடுத்து வைத்தால் மத்தியானத்துக்குள் குழைந்துவிடும். இந்த ஊர்க்காரர்களுக்கு எந்தச் சாக்லேட் பிடிக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்தது இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன்.

கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. கோகோ வெண்ணெய் என்று அதற்குப் பெயர். சரியாகப் பதப்படுத்திய சாக்லேட்டில் அந்த வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்பின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் மெல்லாமலே நாக்கில் கரைகிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அதே குணம் தொல்லையாகிவிடுகிறது; வாய்க்குப் போகுமுன் சட்டைப் பையிலேயே கரைந்துவிடும். சாக்லேட் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்த கதை, பெரும்பாலும் இந்த 34 டிகிரியோடு மனிதர்கள் நடத்திய போராட்டத்தின் கதை.

கோகோவின் பிறந்த வீடு தென்னமெரிக்காவின் மேல் அமேசான் காடு. ஈக்வடாரில் கிடைத்த மண்பாண்டங்களில் ஒட்டியிருந்த எச்சங்கள், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அதைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டுகின்றன. மெக்சிகோ பக்கத்து மாயா, ஆஸ்டெக் மக்கள் அதை அரைத்து, மிளகாய் சேர்த்து, நுரை வர ஆற்றிக் குடித்தார்கள். ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சர்க்கரை சேர்ந்தது. 1828-இல் ஹாலந்தின் வான் ஹௌட்டன் நிறுவனம் கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறையைக் கண்டது. 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் கட்டியைச் செய்தது. 1875-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். குடிக்கும் பொருளாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தது, ஐம்பதே ஆண்டுகளில் பால் சாக்லேட் கட்டியாகிவிட்டது.

இதே தென்னமெரிக்காவிலிருந்து இன்னொரு விதையும் கிளம்பியது. அது நிலக்கடலை. அதற்கு, திண்டிவனத்தை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காட்டு மண்ணும் மழையும் ஒத்துப்போயின. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குக் கப்பலேறியது. பிற்பாடு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே அமைந்தது, டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விவசாயிகள் சொல்லும் கடலை ரகங்களில் இருப்பது திண்டிவனத்தின் பெயர்தான். கடலை மிட்டாய் இந்த ஊரின் சொந்தத் தின்பண்டமானதில் வியப்பில்லை. கோகோவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அது பெரிய மரங்களின் நிழலில் வளரும் மரம். ஆண்டு முழுக்க ஈரம் வேண்டும். வறண்ட அனல் காற்று ஆகாது. எனவே கடலை விதையாக வந்த ஊருக்கு, கோகோ பொட்டலமாகத்தான் வர முடிந்தது.

இந்தியாவில் கோகோவின் முதல் முகவரி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துத் தோட்டங்களில் அதை நட்டது. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த மொலுக்காஸ் தீவுகளின் அம்போய்னாவிலிருந்து கன்றுகள் வந்தன. மரம் பிழைத்தாலும் பயிராகப் பரவவில்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கோகோ இந்த நாட்டு விவசாயிக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது சர்க்கரை. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-இலிருந்து இருக்கிறது. 1914-இல் அங்கே மிட்டாய்த் தயாரிப்பும் தொடங்கியது. 1993-இல் மாவட்டம் பிரியும்வரை நெல்லிக்குப்பமும் திண்டிவனமும் ஒரே தென்னார்க்காட்டில்தான் இருந்தன. பக்கத்துக் கரும்பில் செய்த சர்க்கரை, பக்கத்திலேயே மிட்டாயாகி, இந்த ஊர்க் கடைகளுக்கு வந்தது. லாக்டோ கிங், காஃபி பைட் எல்லாம் பாரியின் பிள்ளைகள். 2004-இல் கொரியாவின் லோட்டே அந்த நிறுவனத்தை வாங்கியது. வடமேற்கே சித்தூரில் 1952-இல் தொடங்கிய நியூட்ரினிலிருந்து ‘ஆசை’ வந்தது.

இவை ஜெயித்த காரணம் எளிது. சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் 120 டிகிரிக்கு மேல் கொதித்து இறுகியவை இவை. 40 டிகிரி வெயில் இவற்றை ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரம் மட்டும்தான் எதிரி. அதற்கு இரண்டு முனையும் முறுக்கிய காகிதம் போதும். கோகோ இவற்றில் சிலவற்றில் கொஞ்சம் இருக்கும், பலவற்றில் இருக்கவே இருக்காது. ஆனால் ஊர் வாழ்க்கையில் சாக்லேட்டின் இடம் முழுவதையும் இவைதான் பிடித்தன. பிறந்தநாள் அன்று கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பில் எல்லோருக்கும் ஒன்று, டீச்சருக்கு இரண்டு. சுதந்திர தினத்தில் கொடியேற்றம் முடிந்ததும் வரிசையில் ஒன்று. கடையில் சில்லறை இல்லையென்றால் பாக்கிக்கு ஒன்று. செல்போனில் பணம் அனுப்பும் வழக்கம் வந்த பிறகு அந்தச் சில்லறைச் சாக்லேட் குறைந்துவிட்டது. ஆனால், ஒரு வகுப்பு முழுக்கக் கொடுக்க முடிகிற விலையில் இருக்கும் இனிப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அறுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் காகிதம் பிரிக்கிற சந்தோஷத்தைத் தந்தது ஜாடிதான்.

கேட்பரி நிறுவனம் 1948-இல் இந்தியாவுக்கு வந்தது. இந்த நாட்டில் அது நிலைநிறுத்திய சரக்குகளைக் கவனித்தால் அவற்றில் பல வெயிலுக்குச் சொன்ன பதிலாகவும் இருப்பது தெரியும். 1968-இல் வந்த ஜெம்ஸில் சாக்லேட்டைச் சுற்றிச் சர்க்கரை ஓடு. எக்லேர்ஸில் சாக்லேட் நடுவில், அதைக் காத்து நிற்பது கேரமல். 1969-இல் வந்த ஃபைவ் ஸ்டாரில் நடுவே இருப்பது கேரமலும் நூகாவும். சாக்லேட் மேல் பூச்சு மட்டும். பிறகு வந்த வேஃபர் வகைகளில் அந்தப் பூச்சு இன்னும் மெலிந்தது. மறைப்பு எதுவுமில்லாத முழுச் சாக்லேட்டான டெய்ரி மில்க் கட்டி, குளிர்பெட்டி சின்ன ஊர்களுக்குப் பரவிய பிறகுதான் அன்றாடச் சரக்கானது. ‘எனக்கு ஜெம்ஸ்தான் பிடிக்கும்’, ‘எனக்கு ஃபைவ் ஸ்டார்தான் உயிர்’ என்று நம்மவர்கள் சொல்லும்போது அந்த ருசிக்குள் இந்த வெயிலும் இருக்கிறது.

குளிர்பெட்டிச் சாக்லேட் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. மின்சாரம் போய் வந்த கடைகளில் சில சமயம் சாக்லேட்டின் மேல் வெள்ளை படர்ந்திருக்கும். பூஞ்சை என்று தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் அது உருகி மறுபடி இறுகியபோது மேலே வந்துவிட்ட கோகோ வெண்ணெய். தின்னலாம், மொறுமொறுப்பும் பளபளப்பும் மட்டும் போயிருக்கும்.

இதற்கிடையில் கோகோ மரம் நம் பக்கம் திரும்பி வந்தது. 1965-இல் வயநாட்டின் சுண்டேலில் கேட்பரி மாதிரித் தோட்டம் போட்டது. எழுபதுகளில் கேரள விவசாயிகள் நம்பி நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விலை சரிந்து, வாங்க ஆளில்லாமல் போனபோது பலர் மரத்தையே வெட்டினார்கள். பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986-இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. பின்னர் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வேர்விட்டது. தென்னையின் நிழலும் தென்னைக்குப் பாய்ச்சும் நீரும் அதற்குப் போதுமானதாக இருந்தன. பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். பழுக்க ஐந்தாறு மாதம்.

காயை உடைத்தால் வெள்ளைச் சதை மூடிய முப்பது, நாற்பது விதைகள் இருக்கும். அந்த நேரத்தில் விதையை மென்றால் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட்டின் வாசனை துளியும் இருக்காது. மரப்பெட்டியில் குவித்து, வாழையிலை போட்டு மூடி, இடையிடையே கிளறிவிட்டு ஐந்திலிருந்து ஏழு நாள் புளிக்க வைக்க வேண்டும். சதையின் சர்க்கரை முதலில் சாராயமாகும், பிறகு காடியாகும். குவியலின் சூடு 50 டிகிரியை நெருங்கும். விதையின் முளை சாகும், ஊதா நிறம் பழுப்பாகும், துவர்ப்பு இறங்கும். பிறகு வெயிலில் உலர்த்தல். வறுக்கும்போது எழும் வாசனைக்கு அடித்தளம் இந்த ஒரு வாரத்தில்தான் உண்டாகிறது. இதில் அவசரப்பட்டால் உலகின் எந்த ஆலையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நல்ல சாக்லேட்டின் முதல் சமையல்காரர் விவசாயி என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பெருமை இருக்கிறது. வறுத்து, தோல் புடைத்த கோகோவைச் சர்க்கரையோடு ஒன்றிரண்டு நாள் விடாமல் அரைக்க வேண்டும். துகள் 20, 25 மைக்ரான் அளவுக்கு இறங்கினால்தான் நாக்கில் நரநரக்காது. பெரிய ஆலைகளிடம் இதற்குப் பெரிய இயந்திரங்கள் இருந்தன. வீட்டில் செய்து பார்க்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் நான்சி, நம் இட்லி மாவு கிரைண்டரில் கோகோவை அரைத்துப் பார்த்தார். கருங்கல் உருளையும் கருங்கல் தளமும் அதற்கு அப்படியே பொருந்தின. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரின் வம்சத்தில் வந்த இயந்திரம், கொஞ்சம் பலப்படுத்தப்பட்டு, பல நாடுகளில் சிறு சாக்லேட் பட்டறைகளின் மூலக் கருவியானது. உளுந்துக்காகச் செய்த கல், விதையிலிருந்து கட்டிவரை ஒரே கையால் செய்யும் ஒரு புதிய தொழிலையே சாத்தியமாக்கியது.

அந்தத் தொழில் நம் மாவட்டத்துக்கும் வந்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சாலையில் போனால் ஒரு மணி நேரத் தொலைவில் ஆரோவில். விழுப்புரம் மாவட்டத்தின் அந்த மூலையில் 2014-இல் ஜேன் மேசனும் ஃபேபியன் போந்தெம்ஸும் ‘மேசன் அண்ட் கோ’ தொடங்கினார்கள். தென்னிந்தியத் தோட்டங்களிலிருந்து இயற்கை முறையில் விளைந்த கோகோவை வாங்கினார்கள். நன்றாகப் புளிக்க வைப்பதற்கு விவசாயிகளோடு சேர்ந்து உழைத்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் அங்கே சாக்லேட் செய்யக் கற்றார்கள். மிளகாயும் பட்டையும் சேர்ந்த கறுப்புச் சாக்லேட் ஒன்று அங்கே உண்டு. மாயாக்காரர்களின் மிளகாய் இத்தனை நூற்றாண்டு சுற்றி ஆரோவில் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. பொள்ளாச்சியிலும் ‘சோக்லெட்’ என்ற நிறுவனம் சொந்தத் தோட்டத்து மரத்திலிருந்தே கட்டிவரை செய்கிறது.

கறுப்புச் சாக்லேட் நம்மில் பலருக்கு முதல் கடியில் பிடிப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை மிகுந்ததைத் தின்று பழகிய நாக்கு அது. ஆனால் டிகாக்‌ஷன் காபியின் கசப்பையும், பாகற்காயையும், வெற்றிலைப் பாக்கின் துவர்ப்பையும் விரும்பக் கற்ற ஊர்க்காரர்கள் நாம். ஒரு துண்டை மெல்லாமல் நாக்கில் வைத்துக் காத்திருந்தால் கசப்புக்குப் பின்னால் பழப்புளிப்பு வரும்; அது அந்த மரப்பெட்டியில் ஒரு வாரம் நடந்ததன் மிச்சம்.

2024 மார்ச்சில் உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் விளைச்சல் விழுந்ததுதான் முக்கியக் காரணம். பிறகு விலை இறங்கிவிட்டது. இப்படி ஏறி இறங்கும் விலையை நம்பி மரம் வளர்க்கும் நம் விவசாயிக்கு, எண்பதுகளில் நடந்தது மறுபடி நடக்காமலிருக்கப் பக்கத்திலேயே வாங்குபவர்கள் வேண்டும். விதை நம் தென்னந்தோப்பில் விளைகிறது, அரைக்கும் கல் கோயம்புத்தூர்க் கல், செய்யும் கைகள் நம் மாவட்டத்துக் கைகள். இல்லாதது கட்டுப்படியாகும் விலை மட்டும்தான்: ஒரு வகுப்பு முழுக்கக் கொடுக்கக்கூடிய பத்து ரூபாய்த் துண்டாக அது வர வேண்டும். தொழில் செய்பவர்களும் அரசின் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து நினைத்தால் முடியாத காரியமில்லை. வந்தபின் பிடிக்கிறதா இல்லையா என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் தின்று பார்த்துச் சொல்லட்டும்.