தெருவோர இளைஞரின் சித்திரக்கதை

அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையிலே ஒக்ஸ்னார்ட் என்னும் ஊர் ஒன்றுண்டு. தோட்ட வயல்களிற் கூலிக்கு உழைக்கவந்த மெக்சிக்கோ மக்கள் மிகுந்த ஊர் அது. அங்கு வளர்ந்த ஹேர்னாண்டஸ் சகோதரர் மூவர், 1981ஆம் ஆண்டிலே, 'லவ் அன்ட் ரொக்கெட்ஸ்' என்னும் சித்திரக்கதை இதழைத் தாமே அச்சிட்டு வெளியிட்டனர். மறு ஆண்டு பதிப்பகம் ஒன்று அதனை ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதி இளைஞரைப் 'பங்க்' இசை பற்றியிருந்தது. கிழிந்த உடை, குத்திட்டு நின்ற தலைமயிர், இரண்டே நிமிடத்தில் முடியும் பாட்டு! ஊரார் அவர்களைக் காலிகளென ஒதுக்கினர். சகோதரருள் ஹைமே அக்கூட்டத்திற் பழகியவர். ஆதலின் அவர் படைத்த மாகியும் ஹோப்பியும் கேலிப் பாத்திரங்களாகவில்லை. வாடகைக்கு வழியின்றி அலைந்தும், ஒருவரையொருவர் காதலித்தும், பிரிந்தும் வாழும் பெண்கள் அவர்கள். ஆண்டுகள் செல்ல அவர்களுக்கும் வயதேறுகிறது. மாகியின் உடல் பருக்கிறது. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் இஃது அருமையினும் அருமை.

1980களின் பிற்பகுதியில் வந்த 'ஸ்பீடியின் மரணம்' அவ்வரிசையிலே தலையாயது. மாகியின் தங்கையோடு உறவு, மாகிமீது தீராத ஆசை, இரு பேட்டை இளைஞரின் பகை ஆகியவற்றுள் அகப்பட்ட ஸ்பீடி, விலக வழியிருந்தும் விலகாமல் அழிவை நோக்கி நடக்கிறான். அவன் சாகும் காட்சியை ஹைமே வரையவேயில்லை. கொலையோ, தற்கொலையோ என்றும் உரைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் காட்டுவது, பகை முற்றுமுன், நண்பர்கள் கூடியிருந்த ஒரு பழைய பொழுது.